நிரம்பும் வட்டு – 9: உறங்கும் அடிக்கோப்பு

மெய்நிகர் கணினி ஒன்றின் வன்வட்டு முழுவதும், அதைத் தாங்கும் உண்மையான கணினியில் ஒரே கோப்பாகக் கிடக்கிறது என்பதும் அக்கோப்பே வட்டுப் படிமம் எனப்படுகிறது என்பதும் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டன. இத்தகைய படிமங்களை நீக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம், அதாவது அன்றாட மொழியில் இடப்படும் பணியைக் கட்டளைகளாக மாற்றித் தானே இயக்கும் மென்பொருளிடம், ஒப்படைத்தால் அதற்கு எவ்வளவு அனுமதி தரலாம் என்பது இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்ட பொருள். அதற்குள் நுழையுமுன் கியூகௌ2 என்ற கோப்பு வடிவத்தின் ஓர் இயல்பைப் பார்த்தாக வேண்டும்.

ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்னும் மென்பொருளோடு வளர்ந்த இவ்வடிவத்தில், ஒரு படிமத்தை அடிக்கோப்பாக வைத்து அதன்மேல் எத்தனை மேலடுக்குக் கோப்புகளை வேண்டுமானாலும் உருவாக்கலாம். மெய்நிகர் கணினி எழுதுபவை யாவும் மேலடுக்கில் மட்டுமே சேர்கின்றன. மாறாத பகுதிகள் தேவைப்படும்போது அடிக்கோப்பிலிருந்து படிக்கப்படுகின்றன. இயங்குதளம் ஒருமுறை நிறுவப்பட்ட ஒரே அடிக்கோப்பைக் கொண்டு பத்துக் கணினிகளை இயக்கலாம் என்பதால் இடம் பெருமளவில் மிச்சமாகிறது. ஆனால் இந்த உறவு ஒருவழிப்பட்டது. மேலடுக்கு தன் தலைப்பகுதியில் அடிக்கோப்பின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது; அடிக்கோப்போ தன்னை நம்பியிருப்பவை எவை என்பதை எங்குமே குறித்து வைப்பதில்லை. ஆகவே ஒரு படிமத்தை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் அதை நீக்கலாமா என்ற கேள்விக்கு விடை அதற்குள் கிடைக்காது. வட்டில் உள்ள மற்றெல்லாப் படிமங்களின் சங்கிலியையும் கியூஎமு-ஐஎம்ஜி என்ற கருவியால் படித்த பின்னரே கிடைக்கும்.

இதிலிருந்து விளையும் விபரீதம் வியப்புக்குரியது. அடிக்கோப்பில் யாரும் எழுதுவதில்லை என்பதால் அதன் கடைசி மாற்றத் தேதி மிகப் பழையதாக இருக்கும். சார்ந்த கணினிகள் அணைந்திருக்கும் நேரத்தில் அதை எந்தச் செயல்முறையும் திறந்து வைத்திருக்காது. பெரும்பாலும் அளவிலும் அதுவே பெரியது. "பெரியதும் பழையதும் பயன்பாட்டில் இல்லாததுமான கோப்புகளை நீக்கு" என்று பணிக்கப்பட்ட முகவரின் பட்டியலில், நீக்கவே கூடாத அந்தக் கோப்பு முதலிடம் பிடிக்கிறது. இங்கே முகவர் கட்டளையை மீறவில்லை. அளவுகோலைச் சொன்னபடியே பின்பற்றியிருக்கிறது.

கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. லினக்ஸில் நீக்குதல் என்பது கோப்புறையிலிருந்து பெயரை எடுப்பது மட்டுமே. ஏதேனும் ஒரு செயல்முறை அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை தரவு வட்டிலேயே இருக்கும், இடமும் விடுபடாது. கியூஎமு 2017இல் தன் 2.10 பதிப்பில் கொண்டுவந்த படிமப் பூட்டும் மற்றொரு கியூஎமு செயல்முறையைத்தான் தடுக்குமே தவிர, நீக்கும் கட்டளையைத் தடுக்காது. 40 ஜிபி படிமத்தை நீக்கிய முகவர், காலியிடத்தை அளந்து, எதுவும் கூடவில்லை என்று கண்டு, அடுத்த கோப்பை நோக்கி நகரக்கூடும். கணினியோ எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அணைத்து மீண்டும் இயக்கும் நாளில்தான் இழப்பு தெரியவரும்.

முகவரின் சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு, இப்பொருளிலிருந்து சற்று விலகியதாயினும், 2025 ஜூலையில் நடந்ததொன்றைச் சொல்லலாம். ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்லிட் தளத்தின் முகவரைக் கொண்டு செயலி ஒன்றை உருவாக்கிவந்தபோது, எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்ற அறிவுறுத்தலையும் மீறி அது தரவுத்தளத்தை அழித்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, பழைய நிலைக்குத் திரும்ப இயலாது என்று அது கூறியதும், பின்னர் முயன்றபோது திரும்ப முடிந்ததும் ஆகும்.

ஆதலால் நீக்குதலுக்குப் பதிலாக, அதே கோப்பு முறைமைக்குள் தனிக் கோப்புறை ஒன்றுக்குப் பெயர்த்து வைப்பது உகந்தது; இடம் உடனே கிடைக்காது என்றாலும், அடிக்கோப்பில் எதுவும் எழுதப்படாதவரை அதே பாதைக்குத் திருப்பினால் சங்கிலி மீண்டும் இணையும். அங்கே எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்பது பொருத்தமற்றது, ஏனெனில் மாதக்கணக்கில் அணைக்கப்படாத கணினிகள் உண்டு. சார்ந்திருக்கக்கூடிய ஒவ்வொரு கணினியும் ஒருமுறையேனும் அணைந்து எழுந்ததா என்பதே சரியான கணக்கு.

அனுமதிகள் பற்றிய பகுதி இதனால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. நீக்கும் கட்டளையை மறுத்துப் பெயர்க்கும் கட்டளையை மட்டும் முகவருக்குக் கொடுத்தால் போதுமெனத் தோன்றலாம். ஆனால் ஒரே பெயருள்ள இரு படிமங்களை ஒரே கோப்புறைக்குப் பெயர்க்கும்போது, தனிக் கட்டுப்பாடு இடப்படாவிட்டால், இரண்டாவது முதலாவதை எச்சரிக்கையின்றி அழித்து அதன் இடத்தில் அமரும் என்பதிலிருந்து அது தொடங்கும்.