ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கும் குழந்தை... துப்பு சொல்லும் சாயம்!

திருப்பூர்க்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றிய 'இயோசின்' என்ற இளஞ்சிவப்புச் சாயம்தான், இன்று குழந்தைகளின் உணவுக்குழாய் அலர்ஜியைக் காட்டிக்கொடுக்கிறது. இதை இழுத்துக்கொள்ளும் வெள்ளையணுவுக்கு 'இயோசினோஃபில்' என்று 1879-ல் பெயர் வைத்தவர் பால் எர்லிச்.

சோறு சிக்குகிறது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கிறது... நாமோ 'அடம்' என்று திட்டுகிறோம். எண்டோஸ்கோப்பியில்கூட குழாய் பளிச்சென்று தெரியலாம். அதனால்தான் குழந்தையை மயக்கத்தில் வைத்து, மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகள் எடுக்கிறார்கள். ஆறா என்று பதற வேண்டாம். சாயம் சீராக ஏறாத துணி மாதிரி, இந்த அலர்ஜியும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரே வட்டத்துக்குள் 15 இயோசினோஃபில்களாவது தெரிந்தால், வேறு காரணம் இல்லையென்றால், இதுதான் நோய்.

பாலும் கோதுமையும் அடிக்கடி சிக்கும் குற்றவாளிகள். ஆனால் டெஸ்டுக்கு முன்பே நீங்களாகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். அணுக்கள் குறைந்து, நோய் கண்ணில் படாமல் போய்விடலாம்.