“வேண்டாம்” எங்கே இருக்கிறது?

இடக்கொச்சி வீட்டில் மழைநாளில் படம் பார்க்க ஒரு செயலியை இறக்கினேன். ஒரு ரூபாய்க்குச் சோதனைக் காலம். ஒரே தட்டு, சேர்ந்தாயிற்று. அடுத்த வாரம் ஆட்டோபேயில் முழு மாதக் கட்டணமும் போய்விட்டது. விலகப் போனால் ஆறு திரைகள். ஒவ்வொன்றிலும் “தொடர்க” பெரிதாக மின்னியது, “விலகு” சாம்பல் எழுத்தில் மூலையில் கிடந்தது.

இதைக் கைப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு விதத் திரைகளை ஆளுக்கொன்றாகக் காட்டி, எதில் அதிகம் பேர் சிக்குகிறார்கள் என்று பார்த்து, அதையே நிலைநிறுத்துகிறார்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் இதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். வாங்கத் தூண்டுவது வியாபாரம்தானே என்று அந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு. நுழைய ஒரு தட்டு, வெளியேற ஆறு திரை என்றால் அதைத் தூண்டல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தியச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. என்னைப் பிடித்தது ‘சந்தா பொறி’. கேட்காததைக் கூடையில் போடுவது இன்னொன்று. மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கேட்காத ஏலக்காயைப் பையில் போட்டுக் கணக்கில் எழுதினால் சும்மா விடுவோமா? டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நன்கொடையைத் தானாகச் சேர்த்துவந்த புக்மைஷோ, ஆணையம் தலையிட்ட பிறகு அதை மாற்றிக்கொண்டது. காப்பீடு வேண்டாமென்றால் “ஆபத்தை நானே ஏற்கிறேன்” என்று பயணியைச் சொல்லவைத்த இண்டிகோவின் பொத்தானும் அப்படித்தான் மாறியது.

சரி, பணம் போனால்? முதலில் ஸ்கிரீன்ஷாட். முதல் திரையின் விலை, கடைசித் திரையின் விலை, விலக முடியாத பக்கம் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். அவர்கள் திரையை நாளையே மாற்றிவிடலாம். பிறகு யுபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யுங்கள். அதற்கு அந்த நிறுவனத்தின் தயவு தேவையில்லை. தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை நானும் விளம்பரம் என்று தள்ளிவிட்டவன்தான்.

கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கிடக்கும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நிறுவனம் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதன் கதவை இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தட்டலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கட்டும். இடக்கொச்சிக்காரர் புகாருக்கு அது எர்ணாகுளத்தில்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.