எலியின் பிடரியில் ஒரு பாலம்

உங்கள் பிடரியில், மண்டையோடு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஆழத்தில் சிறிய தசை ஒன்று இருக்கிறது. முதல் கழுத்தெலும்பிலிருந்து மண்டையோட்டுக்குச் செல்லும் அந்தத் தசையின் வேலை, தலையைப் பின்னால் சாய்க்க உதவுவது என்றே நானும் படித்திருந்தேன்.

அந்தத் தசைக்கு வேறோர் இணைப்பும் உண்டு. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஹேக்கும் சக ஆய்வாளர்களும் அதை விவரமாக எழுதிய பிறகே பலர் கவனித்தார்கள். தசையிலிருந்து இணைப்புத் திசு ஒன்று உள்நோக்கிச் சென்று, தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள டியூரா என்ற தடித்த உறையோடு சேர்கிறது. இதைத் தசை-டியூரா பாலம் என்கிறார்கள். பின்புறமிருந்து அடுக்கடுக்காக அறுத்துத் தசையை நீக்கினால் பாலமும் அறுந்துவிடும். அதனால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பாலம் எப்படி உருவாகிறது? மனிதரிடம் இதை நாளுக்கு நாள் பார்க்க முடியாது. எலியிடம் முடியும். எலிக்கும் நம்மைப்போல் ஏழு கழுத்தெலும்புகள். அதன் கர்ப்பகாலமோ சுமார் 22 நாள்தான். சீனாவின் டாலியன் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியிடமும் இந்தப் பாலம் இருப்பதைக் கண்டு, அது வளரும் கட்டங்களையும் ஆராய்ந்தார்கள்.

இத்தகைய ஆய்வில் கழுத்துத் திசுவை மிக மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றுவார்கள். மேசன் சாயத்தில் தசை சிவப்பாகவும், இணைப்புத் திசுவின் முக்கியப் புரதமான கொலாஜன் நீலமாகவும் தெரியும். இளம் திசுவில் உயிரணுக்கள் நெருக்கமாகவும் இழைகள் மெலிதாகவும் இருக்கும். பிறந்த பிறகு இழைகள் தடித்து அடர்த்தியாகின்றன. கண் திறக்காமல் பிறக்கும் குட்டி, தலையைத் தூக்கவும் நடக்கவும் பழகுவதும் அதே வாரங்களில்தான்.

என்னைக் கவர்ந்தது இதுதான். பாலம் கருவளர்ச்சியில் மிஞ்சிய வெறும் எச்சமாக இருந்தால், நாளடைவில் தேய்ந்துபோகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது வலுப்பெறுகிறது. தசை இழுப்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கோழி, சுண்டெலிக் கருக்களில் தசை உருவாகாதபோது கால்களின் தசைநாண்கள் பல தோன்றினாலும் நிலைப்பதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி.

ஆனால் இங்கிருந்து தலைவலிக்குத் தாவிவிடக்கூடாது. தேர்வுக் காலத்தில் மணிக்கணக்கில் குனிந்து படிக்கும் என் நண்பர்கள் பலர் பிடரி வலியைப் பற்றிப் புலம்புவார்கள். "இந்த இடத்தை அழுத்தினால் தலைவலி பறந்துவிடும்" என்று சொல்லும் காணொளிகளையும் பகிர்வார்கள். சிலவற்றில் இந்தப் பாலத்தின் படமும் ஆதாரமாக வருகிறது. பாலம் இருப்பது உண்மை. மூளைத் தண்டுவடத் திரவத்தின் ஓட்டத்துக்கு அது உதவலாம் என்பது இன்னும் ஆராயப்படும் கருத்து. உங்கள் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று எலியின் திசுச் சீவல் சொல்லாது.

அடுத்த முறை அப்படியொரு காணொளி வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த உயிரினத்தில் பார்த்தார்கள்? எந்த வயதில்? பார்த்தது அமைப்பையா, விளைவையா? தலைவலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.