அறுபது பிள்ளைகளுக்கு ஓராண்டுச் செலவு

2024 பிப்ரவரி 1ஆம் தேதி டாஸ்மாக் கடைகளில் சாதாரண ரகக் குவார்ட்டரின் விலை 130 ரூபாயிலிருந்து 140 ஆனது. பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பையன்கள் கூட்டுச் சேர்ந்தால் தலைக்கு 70 ரூபாய். ஆளுக்கொரு கட்டிங், அதாவது 90 மில்லி. அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 43 சதவீதம். எடையில் சுமார் 30 கிராம். 45 கிலோ எடையுள்ள பையன் இதை ஒரே மூச்சில் குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் ஏறும். வண்டி ஓட்டுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 30. முழுக் குவார்ட்டரும் ஒருவனுக்கே என்றால் 200.

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் இந்த எண்களுக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. வாசீஸ்வரர் கோயிலுக்குப் பேர்போன ஊர். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. காக்களூர் தொழிற்பேட்டை ஒரு பக்கம், ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகள் இன்னொரு பக்கம். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் ஷிப்டில் இருப்பார். பி ஷிப்ட் என்றால் பொதுவாகப் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. டாஸ்மாக் கடை திறந்திருப்பது பகல் 12 முதல் இரவு 10 வரை. பள்ளி விட்டு வருகிற பிள்ளை, பெற்றோர் பி ஷிப்டில் இருக்கும் வாரங்களில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் யார் பொறுப்பிலும் இல்லை. இந்தக் கணக்கு முழுவதும் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றியதுதான்.

முதலில் வரவுப் பக்கம், அரசுக்கு. மது விற்பனையில் கலால் வரியும் மதிப்புக்கூட்டு வரியுமாக 2023–24இல் தமிழக அரசுக்கு வந்தது 45,855 கோடியே 67 லட்சம் ரூபாய். 366 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 125 கோடி. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபின் மிஞ்சியவை 4,829. ஆக, சராசரிக் கடை ஒன்றிலிருந்து அரசுக்கு ஒரு நாளில் போவது 2 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். இது வரி மட்டும். கல்லாவில் விழும் மொத்தப் பணம் வேறு.

அடுத்து, தண்டனைப் பக்கம். கடையில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. நகராட்சி, மாநகராட்சிகளில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. பிறகு, 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு அதை 220 மீட்டர் ஆக்கியது. மீட்டர் கணக்குக்குப் பஞ்சமில்லை. புகையிலைக்கு 100 கெஜம். பள்ளியிலிருந்து அந்த எல்லைக்குள் பீடி சிகரெட் விற்றுப் பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதே கடைக்காரர் அதையே ஒரு சிறுவன் கையில் கொடுத்ததாக இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 500 மடங்கு. எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது என்பது எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

மதுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு தப்பும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயதுக்குள் மது குடிப்பவர்கள் சுமார் 30 லட்சம், கஞ்சா 20 லட்சம். முகர்ந்து போதை ஏற்றுபவர்களும் 30 லட்சம். ஒயிட்னரும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் வாங்க வயதுச் சான்று கேட்பாரில்லை. கூல் லிப் என்னும் புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பைகளுக்குள் வந்ததைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கவலையோடு கையிலெடுத்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திரத்திலிருந்து வரும் பேருந்துகளில் கஞ்சாப் பொட்டலம் பிடிபடுவது இந்த மாவட்டத்துப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி.

பழக்கம் முற்றிய பிறகு என்ன ஆகும்? அதே கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் ஊர்க் கட்டடத்தில் முகாம் நடத்திச் சிகிச்சை தந்தது, இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான். அது பெரிய பணி. ஆனால் பதினாறு வயதுப் பையனுக்கு நாம் தேடுவது முகாமுக்கு முந்தைய கட்டம்.

தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமாக மூன்று விலைப்பட்டியல்கள் கையில் இருக்கின்றன.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 மணிக்குள் வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிள்ளைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். நாலு குவார்ட்டர் விலைக்குச் சற்று மேல். அத்திட்டம் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் வந்தது. ஆபத்தான வயது தொடங்குவது அங்கேதான்.

சென்னைக் காவல்துறை மூலம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ‘சிற்பி’ திட்டத்துக்கு 4 கோடியே 25 லட்சம்; 100 பள்ளிகள், 5,000 மாணவர்கள். தலைக்கு 8,500 ரூபாய். போதையிலிருந்து பிள்ளைகளை விலக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று.

மூன்றாவது, 12,525 ஊராட்சிகளுக்கு 86 கோடி ரூபாயில் 2024இல் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. ஊராட்சிக்கு 68,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், 33 வகைப் பொருள்கள். பந்தும் மட்டையும் வந்துவிட்டன. மாலை ஐந்தரைக்குப் பீரோவைத் திறக்க ஓர் ஆள் மட்டும் அந்தத் தொகுப்பில் இல்லை.

ஆள் முக்கியம் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பயமுறுத்தும் சொற்பொழிவால் வந்ததல்ல. ரெய்க்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளையின் விளையாட்டு, இசை வகுப்புக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா தந்தது. நம் காசில் 20,000க்கு மேல். வாரம் நான்கு நாளாவது முறையான விளையாட்டுக்குப் போகிறவர்கள் 24 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். நம் பள்ளிகளில் கைநீட்டி எடுக்கும் உறுதிமொழிக்குச் செலவு குறைவு என்பதைத் தவிர வேறு சிறப்பு எனக்குத் தெரியவில்லை.

சரி, திருப்பாச்சூர் போன்ற ஓர் ஊரில் 13 முதல் 17 வயதுக்குள் 60 பேருக்கு ஒரு மாலை மன்றம் நடத்த எவ்வளவு ஆகும்? என் உத்தேசக் கணக்கு இது.

ஊர்ப் பட்டதாரிகள் மூன்று பேர், அதில் ஒரு பெண்ணாவது. மாதம் 3,000 வீதம் ஆண்டுக்கு 1,08,000. இதற்குக் குறைந்தால் இரண்டாம் மாதமே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். மாதம் ஒருமுறை வந்து தனித்தனியாகப் பேசும் மனநல ஆலோசகருக்கு 30,000. மின்சாரம், சில்லறைச் செலவு 12,000. கிழிந்த வலை, காற்றுப்போன பந்து 15,000. சுண்டலும் டீயும் தலைக்குப் பத்து ரூபாய், 240 நாளைக்கு 1,44,000. பட்டியலிலேயே பெரிய தொகை சுண்டல்தான். சிக்கனம் என்று யாரும் முதலில் கைவைக்கப் போவதும் அதில்தான். அப்படிச் செய்தால் ஐந்தரை மணிக்குப் பசியோடு வருகிறவன் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான்.

மொத்தம் 3,09,000. தலைக்கு 5,150, சிற்பியைவிட 3,350 குறைவு. மேலே சொன்ன சராசரிக் கடையோடு ஒப்பிட்டால், அது வரியாக ஈட்டிக் கொடுக்கும் 12 மணி நேரத் தொகை. இன்று பகல் 12க்குக் கடை திறந்தால் நாளை பிற்பகல் 2 மணிக்குள் சேர்ந்துவிடும்.

அரசு தராவிட்டாலும் வழி இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. 5 கோடிக்கு 10 லட்சம். அந்த வரம்பைத் தொடும் நிறுவனங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் உண்டு, ஸ்ரீபெரும்புதூரிலும் உண்டு. கல்வெட்டு வைத்துத் திறப்பு விழா நடத்த சுண்டலில் இடமில்லாததால் கொஞ்சம் தயங்குவார்கள், அவ்வளவுதான்.

என் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 240 நாள் என்பது பள்ளி நாட்களை ஒட்டிப் போட்டது. பொங்கல் விடுமுறையிலும், பரீட்சை முடிந்த ஏப்ரல், மே மாதங்களிலும்தான் பையன்கள் பகல் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். அந்த 60 நாளையும் சேர்த்தால் சுண்டல் செலவு 36,000 கூடி மொத்தம் 3,45,000 ஆகும். பத்து லட்சத்தில் இரண்டு ஊருக்கு நடத்தினாலும் 3,10,000 மிச்சம்.