அழற்சி: உடலின் காவல்தீ

காலில் முள் தைத்த இடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கும் சேர்ந்ததே அழற்சி. நோயின் அடையாளமாகத் தோன்றும் இது, உண்மையில் முள்ளோடு நுழைந்த கிருமிகளை எதிர்த்து உடல் மேற்கொள்ளும் காவற்பணியாகும். அப்பணி அளவோடு நிகழ, செல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வேதிச்செய்திகளே துணைநிற்கின்றன.

அகநச்சு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு பைஃபர் காலரா பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களும் ஆய்வு விலங்குகளின் உயிரைப் பறித்தன. பாக்டீரியாவின் உடலிலேயே அமைந்த அந்நஞ்சினை அவர் ‘அகநச்சு’ என்றார். கிராம் எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறே அது எனப் பின்னர் அறியப்பட்டது.

எலிகள் விடுத்த புதிர்

பிற சுண்டெலிகளைக் கொல்லும் அளவு அகநச்சு, சுண்டெலிகளுள் ஒருவகையை மட்டும் கொல்லவில்லை. ஆயினும், அவ்வகை எலிகள் உயிருள்ள சால்மோனெல்லா பாக்டீரியாக்களுக்கு எளிதில் இரையாயின. நஞ்சை வென்றவை நோய்க்குத் தோற்றது ஏன்? 1998இல் அமெரிக்க அறிஞர் புரூஸ் பாய்ட்லரின் குழு விடை கண்டது. அகநச்சை உணரும் டி.எல்.ஆர்-4 என்னும் ஏற்பிக்குரிய மரபணு அவ்வெலிகளில் பழுதுற்றிருந்தது. நஞ்சை உணராததால் அவற்றின் உடல் கொதித்தெழவில்லை. அதனாலேயே நஞ்சுக்குத் தப்பின. அதனாலேயே பாக்டீரியாக்களை எதிர்க்கவும் இயலாது மடிந்தன. உயிரைப் பறிப்பது பெரிதும் அகநச்சன்று, அதற்கு உடல் ஆற்றும் மிகையான எதிர்வினையே என்பது இதனால் தெளிவாயிற்று. பாய்ட்லர் 2011ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முடுக்கமும் தடையும்

பெருவிழுங்கு செல்களின் மேற்புறத்தில் இவ்வேற்பி அமைந்துள்ளது. அகநச்சு அதனுடன் இணைந்ததும் செய்தி செல்லினுள் பாய்கிறது. அங்குக் கட்டுண்டிருக்கும் என்.எஃப்-கப்பா பி என்னும் புரதம் விடுபட்டு, உட்கருவை அடைந்து, உரிய மரபணுக்களை இயக்குகிறது. அதனால் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. அவை இரத்த நாளங்களை விரியச் செய்து வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. மூளையைத் தூண்டிக் காய்ச்சலையும் உண்டாக்குகின்றன.

வியப்பு யாதெனில், அதே புரதம் தன்னைக் கட்டிவைக்கும் மற்றொரு புரதத்தையும் உருவாக்கச் செய்கிறது. இன்டர்லியூக்கின்-10 என்னும் சைட்டோகைனும் அழற்சியைத் தணிக்கிறது. இத்தடைகள் தவறி, அழற்சி உடலெங்கும் பரவினால் நாளங்கள் கசியும், இரத்த அழுத்தம் வீழும், உறுப்புகள் செயலிழக்கும். தொற்றினால் நேரும் இக்கொடிய நிலை செப்சிஸ் எனப்படும்.

அடுப்பில் அடங்கிய தீ உணவு சமைக்கும். கூரையேறிய தீ வீட்டை எரிக்கும். அழற்சியும் அத்தகையதே. பகையை உணர்ந்து எழுவதும், எழுந்தபின் அடங்குவதும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைவதுதான் உடல்நலம்.