காப்பித் தோட்டத்தில் நிழலும் விளைச்சலும்

வியட்நாமில் ஒரு ஹெக்டேர் நிலத்தில் சராசரியாக 2 டன்னுக்கும் அதிகமான காப்பி விளைகிறது. நம் நாட்டின் சராசரியோ ஹெக்டேருக்குச் சுமார் 800 கிலோதான். இவ்விரு எண்களையும் ஒப்பிடுவோர், நம் தோட்டங்களில் ஓங்கி நிற்கும் நிழல் மரங்களே குறைந்த விளைச்சலுக்குக் காரணம் என எளிதில் முடிவு செய்துவிடுவர். இம்முடிவு பாதி உண்மையே. மறுபாதியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒப்பீட்டையே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். வியட்நாமில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா வகை. அதுவும் மிகுந்த நீர்ப்பாசனத்தோடும் உரத்தோடும் வளர்க்கப்படுவது. நம் நாட்டிலும் ரொபஸ்டா ஹெக்டேருக்கு 1 டன்னுக்கு மேல் விளைகிறது. அரபிகாவின் விளைச்சல் ஏறத்தாழ அதில் பாதிதான். எனவே சராசரியில் காணும் வேறுபாடு முழுவதையும் நிழலின் மீது சுமத்துவது பொருந்தாது.

நிழலின் பணி

கர்நாடகத்தின் குடகு, சிக்மகளூர், ஹாசன் மாவட்டங்களும், கேரளத்தின் வயநாடும் நம் காப்பி உற்பத்தியின் பெரும்பகுதியைத் தருகின்றன. இங்கு நிழல் இரண்டு அடுக்குகளாக அமைகிறது. கல்யாண முருங்கை போன்றவை கீழடுக்கு. அத்தி இனங்கள், பலா முதலிய பெருமரங்கள் மேலடுக்கு.

திறந்த வெயிலில் நிற்கும் அரபிகாச் செடி ஓராண்டில் அளவுக்கு மீறிக் காய்க்கும். அச்சுமையைத் தாங்க இயலாமல் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துவர, அடுத்த ஆண்டு விளைச்சல் வீழ்ச்சியடையும். நிழல் இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது. உச்ச விளைச்சல் சற்றுக் குறைந்தாலும், செடியின் ஆயுளும் பல ஆண்டுச் சராசரியும் காக்கப்படுகின்றன.

ஆயினும் நிழல் மிகுந்தாலும் தீங்கே. அடர்ந்த நிழலில் பூ குறைகிறது. மழைக்காலத்தில் ஈரம் தேங்கி அழுகல் நோய் பரவுகிறது. பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து ஒளியைச் சீர்செய்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

பூச்சியும் மண்ணும்

அரபிகாவின் முதற்பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டுகளையே இவ்வண்டு நாடி, பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டைக் குடைந்து செடியையே அழித்துவிடும். போதிய நிழல், தண்டின் உதிர்பட்டையைத் தேய்த்து நீக்குதல், சுண்ணாம்பு நீர் தெளித்தல், தாக்குண்ட செடிகளைப் பிடுங்கி எரித்தல் ஆகியவை இணைந்தே பயன் தரும். 1990-ல் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலில் காணப்பட்ட காய்த் துளைப்பானுக்கும் வழி இத்தகையதே: உரிய காலத்தில் அறுவடை செய்வதும், செடியிலும் தரையிலும் எஞ்சிய பழங்களைப் பொறுக்கி எடுப்பதும் அதன் பெருக்கத்தைத் தடுக்கும். மருந்துச் செலவு குறைந்து, ஆள் கூலி கூடுகிறது.

நிழல் மரங்களின் சருகு மண்ணுக்கு மூடாக்காகி, ஈரத்தைக் காத்து, மட்கி உரமாகிறது. கல்யாண முருங்கையின் வேர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. மேலும், ரொபஸ்டா அயல் மகரந்தச் சேர்க்கையால் மட்டுமே காய்க்கும் வகை. பெருமரங்களில் கூடு கட்டும் மலைத்தேனீக்கள் இதற்குத் துணைபுரிகின்றன. இவ்வகையில் மரம் விளைச்சலுக்குப் பகையாக இல்லாமல் துணையாகவே நிற்கிறது.

செலவை ஏற்பவர் யார்?

நம் காப்பி விவசாயிகளுள் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடையோர். பத்தாண்டுச் சராசரி அவர்களுக்கு உகந்ததாயினும், கடன் தவணை ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. 2024-ல் ரொபஸ்டா விலை பல ஆண்டுகள் காணாத உச்சத்தைத் தொட்டது. இத்தகைய காலங்களில்தான் நிழலைக் குறைத்து விளைச்சலைப் பெருக்கும் ஆசை வலுப்பெறுகிறது. நாட்டு மரங்கள் நின்ற இடத்தில் விரைந்து வளரும் சில்வர் ஓக் பல தோட்டங்களில் இடம்பெற்றுள்ளது. மிளகுக் கொடி படர அது நேராக நிற்கிறது. வெட்டி விற்பதும் எளிது. நாட்டு மரத்தையோ அனுமதிச் சிக்கல்களால் விவசாயி சுமையாகக் கருதுகிறார்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழிலும் இதே இடர்ப்பாடு உள்ளது. நீண்டகாலப் பயிருக்கு மாற்றக் காலம் 3 ஆண்டுகள். ரசாயன உரத்தை நிறுத்தியதும் விளைச்சல் குறையும். கூடுதல் விலையோ அக்காலம் முடிந்த பின்னரே கிடைக்கும். ஆந்திரப் பிரதேசத்தின் அரக்குப் பகுதியில் பழங்குடியினர் பெரும்பாலும் தொடக்கம் முதலே ரசாயனமின்றிப் பயிரிட்டதால் இம்மாற்றம் எளிதாயிற்று. 2019-ல் அரக்கு, குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி அரபிகா வகைகளும் வயநாடு ரொபஸ்டாவும் புவிசார் குறியீடு பெற்றன. இப்பெயரின் மதிப்பு வணிகரோடு நின்றுவிடாமல் விளைவிப்பவரையும் சென்றடைதல் வேண்டும்.

காவிரி பிறக்கும் குடகில் ஒரு மரம் நிற்பதன் பயன் சமவெளி வரை செல்கிறது. அதனால் குறையும் விளைச்சலின் இழப்போ ஒரு குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே தோட்டக் கடன்களை ஓராண்டு விளைச்சலைக் கொண்டு மதிப்பிடாமல் பல ஆண்டுச் சராசரியைக் கொண்டு மதிப்பிடுவதும், நாட்டு மரம் வளர்ப்போருக்கு விதிமுறைகளை எளிதாக்குவதும், மாற்றக் காலத்தில் மானியம் அளிப்பதும் திட்டமிடுவோர் கருதத்தக்கவை. நிழலைக் காக்குமாறு விவசாயிக்கு அறிவுரை கூறுவோர், அதன் செலவில் ஒரு பங்கையும் ஏற்பதே முறையாகும்.