வியா மக்வேதாவில் கேட்கும் அரபுச் சொற்கள்

பலெர்மோவில் வாழும் எம்மவர்களுக்கு வியா மக்வேதா நன்கு பழகிய வீதி. 1600இல் இதை அமைக்கத் தொடங்கியவர் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியான மக்வேதா கோமகன். ஆனால் வீதி ஊடறுத்துச் செல்லும் நகரம் அதைவிடப் பழையது. அதைத் தலைநகராக வளர்த்தவர்கள் வட ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள்.

இன்றைய துனிசியாவை ஆண்ட அக்லபிட் அரசின் படைகள் 831இல் பலெர்மோவைக் கைப்பற்றின. அரபுக்களும் பெர்பர்களும் இங்கு குடியேறினார்கள். முன்பு சிராகூசாவுக்கு இருந்த தலைநகர்த் தகுதி பலெர்மோவுக்கு வந்தது. 973இல் இங்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார்.

1072இல் நகரைப் பிடித்த நோர்மன் கிறிஸ்தவ அரசர்களும் அரபுக் கைவினைஞர்களையும் எழுத்தர்களையும் தம்மோடு வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் ரொஜர் மன்னருக்காக அல் இத்ரிசி தயாரித்த உலக வரைபடநூல் 1154இல் நிறைவுற்றது. வியா மக்வேதாவை ஒட்டிய பெல்லினி சதுக்கத்தில், சான் கத்தால்தோ ஆலயத்தின் மூன்று சிவப்புக் குவிமாடங்கள் அக்காலத்தவை. 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கட்டடங்களைவிடச் சொற்களே அதிகம் எஞ்சியுள்ளன. குவாத்ரோ காந்தி சந்தியில் வியா மக்வேதாவைக் குறுக்கறுக்கும் பழைய வீதி கஸ்ஸாரோ. கோட்டையைக் குறிக்கும் 'அல் கஸ்ர்' என்பதன் மருவல் அது. கால்சா என்ற பகுதி 'அல் காலிசா'. எலுமிச்சைத் தோட்டத்து நீர்த்தொட்டி 'ஜெபியா', அதன் பூ 'சாகரா'. இரண்டும் அரபு வழி வந்தவை. சிசிலியர் எள்ளை 'ஜுஜ்ஜுலேனா' என்பார்கள். நல்லெண்ணெய்ப் போத்தலில் ஆங்கிலத்தில் காணும் 'ஜிஞ்சலி'யும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தச் சொற்களைத் தந்த மக்களுக்கு என்ன நடந்தது? 1220களிலிருந்து இரண்டாம் பிரெடெரிக் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்தின் லுச்சேராவுக்கு நாடுகடத்தினார். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஒரு நகரம் வந்தவர்களின் உணவையும் மொழியையும் ஏற்றுக்கொண்டாலும், அவர்களின் உயிருக்கும் உரிமைக்கும் அது உத்தரவாதமாகாது. இடம்பெயர்ந்து வந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆபிரிக்க அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த துறவி பெனதெத்தோ, 1589இல் பலெர்மோவில் இறந்தார். 1652இல் நகர சபை அவரைத் தன் பாதுகாவலர்களில் ஒருவராக ஏற்றது. 2016இல் வியா மக்வேதாவின் பங்களாதேஷ் வணிகர்கள் பலர், கப்பம் கேட்டவர்களைப் பற்றித் துணிந்து காவல்துறையிடம் முறையிட்டார்கள். வந்தவர்கள் இந்த நகரத்துக்குக் கொடுப்பது இன்றும் தொடர்கிறது.

சாந்தா ரோசாலியாவைத் தேடி பெல்லெக்ரினோ மலைக்கு ஏறும் எமது பிள்ளைகளுக்கு, பெனதெத்தோவின் கதையையும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று யாராவது கேட்டால், தம் ஊரின் பெயரைத் தயங்காமல் சொல்லட்டும். கஸ்ஸாரோவும் கால்சாவும் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.